காரணம் பின்னால் வருகிறது

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிபாடுகளாயின. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதிர்வு வெகுதூரம் வரை உணரப்பட்டது. சேதம் பெரிதாக இல்லாத ஊர்களிலும் மக்கள் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். நின்று திரும்பிப் பார்த்தால் வீடு அப்படியே இருந்தது, மாட்டுக்கொட்டகை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரும் நலமாக இருந்தார். ஆனால் உடம்பின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் அந்த ஊர்களில் வதந்திகள் கிளம்பின. பாட்னாவைப் பெரும் புயல் தாக்கப்போகிறது என்றார்கள். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும் என்றார்கள். பிப்ரவரி 26 பிரளயம் என்று தேதியே குறித்தார்கள். ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் இவற்றையெல்லாம் திரட்டி ஆராய்ந்து எழுதினார்.

1950களின் தொடக்கத்தில் அவருடைய கட்டுரை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கைக்கு வந்தது. தகவல்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பது பற்றிய பழைய ஆய்வுகளை ஃபோர்டு அறக்கட்டளைக்காக அவர் தொகுத்துக்கொண்டிருந்த நேரம். பீகார் வதந்திகள் அவரை உறுத்தின. பயந்து கிடக்கும் மனிதர் ஆறுதலைத்தானே தேட வேண்டும்? இன்னும் பெரிய பயத்தைக் கிளப்பும் செய்தியை ஏன் உண்டாக்க வேண்டும், அதை ஏன் நம்ப வேண்டும், அடுத்தவருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

ஃபெஸ்டிங்கர் கண்டுபிடித்த விடை எளிமையானது. அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த பயத்துக்குக் காரணம் சொல்லின. 'நான் நடுங்குகிறேன்' என்பது ஒரு தகவல். 'என்னைச் சுற்றி எதற்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பது இன்னொரு தகவல். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பிரளயம் வரப்போகிறது என்று நம்பிவிட்டால் நடுக்கத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இந்திய ஆய்வும் இருந்தது. 1950இல் டார்ஜிலிங்கில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. அங்கே துர்கானந்த் சின்ஹா வதந்திகளைச் சேகரித்தார். அங்கே மக்கள் அழிவின் நடுவிலேயே இருந்தார்கள். பயத்துக்கான காரணம் கண்ணெதிரே கிடந்தது. வரப்போகும் பேரழிவுகளைப் பற்றிய அந்த மாதிரி வதந்திகள் அங்கே கிளம்பவில்லை.

இந்த யோசனைதான் வளர்ந்து 1957இல் 'காக்னிட்டிவ் டிசொனன்ஸ்' என்ற கோட்பாடாக நூல் வடிவம் பெற்றது. தமிழில் அறிவாற்றல் முரண் என்கிறார்கள். நம் மனத்தில் உள்ள இரண்டு விஷயங்கள், அதாவது இரண்டு நம்பிக்கைகளோ, ஒரு நம்பிக்கையும் ஒரு செயலுமோ, ஒன்றோடொன்று மோதும்போது ஓர் அசௌகரியம் எழுகிறது. ஃபெஸ்டிங்கர் அதைப் பசிக்கு ஒப்பிட்டார். பசித்தால் உணவைத் தேடுவதுபோல, இந்த அசௌகரியம் எழுந்தால் அதைத் தணிக்க மனம் எதையாவது தேடுகிறது. செயலை மாற்றலாம், நம்பிக்கையை மாற்றலாம், அல்லது இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு சமாதானத்தைச் சொருகலாம். எது மாற்றுவதற்கு எளிதோ அது மாறுகிறது. செய்து முடித்த செயலை மாற்ற முடியாது. ஆகவே பெரும்பாலும் நம்பிக்கைதான் வளைந்துகொடுக்கிறது.

இதைச் சோதித்த பரிசோதனைகளில் மிகப் புகழ்பெற்றது 1959இல் ஃபெஸ்டிங்கரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவரை அழைத்து உட்கார வைக்கிறார்கள். எதிரே ஒரு தட்டு, 12 நூற்கண்டுக் கட்டைகள். ஒரு கையால் ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்க வேண்டும், பிறகு எடுக்க வேண்டும், திரும்ப அடுக்க வேண்டும். அரை மணி நேரம் இதே வேலை. அடுத்து ஒரு பலகை, அதில் 48 சதுர முளைகள். ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். கடைசி முளை வந்ததும் மறுபடி முதல் முளை. இதற்கும் அரை மணி நேரம். சலிப்பூட்டுவதற்கென்றே உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய வேலைகள் இவை.

முடிந்ததும் ஆய்வாளர் சற்றுத் தயங்கி ஓர் உதவி கேட்கிறார். வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறார், இந்தப் பரிசோதனை சுவாரஸ்யமாக இருந்தது என்று அவரிடம் சொல்ல வேண்டும், வழக்கமாகச் சொல்லும் உதவியாளர் இன்று வரவில்லை. இதற்குச் சிலருக்கு ஒரு டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். அன்றைய நிலவரத்தில் 20 டாலர் ஒரு மாணவருக்குப் பெரிய தொகை. அவர்கள் போய் அந்தப் பொய்யைச் சொன்னார்கள். பிறகு இன்னோர் அறையில், வேறொருவர் மூலமாக, உண்மையில் அந்த வேலை எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள்.

மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரையிலான அளவுகோலில், பொய் சொல்லும்படி கேட்கப்படாத மாணவர்கள் சராசரியாக மைனஸ் 0.45 போட்டார்கள். 20 டாலர் வாங்கியவர்கள் மைனஸ் 0.05. ஒரு டாலர் வாங்கியவர்களோ பிளஸ் 1.35. குறைவாக வாங்கியவர்களுக்குத்தான் அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. 20 டாலர் கிடைத்தவர் 'பணத்துக்காகச் சொன்னேன்' என்று நிம்மதியாக இருக்கலாம். ஒரு டாலருக்காகப் பொய் சொன்னேன் என்று யாரால் தனக்குத்தானே ஒத்துக்கொள்ள முடியும்? ஆகவே அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று மனம் முடிவு செய்கிறது. 'யோசித்துப் பார்த்தால், அந்த வேலை அவ்வளவு மோசமில்லை.'

நம்மை நாமே கவனிக்க விரும்புபவர்களுக்கு இந்தப் பரிசோதனை தரும் மிகப் பயனுள்ள செய்தி இதுதான். பெரிய ஆதாயத்துக்காகச் செய்த தவறு நமக்குத் தவறாகவே நினைவில் நிற்கும். அற்ப ஆதாயத்துக்காக, யாரும் வற்புறுத்தாமல், நாமாகச் செய்ததுதான் மெல்ல மெல்லக் கொள்கையாக மாறிவிடும். தேட வேண்டிய இடம் அதுவே.

தவறுகளில் மட்டுமா இது நடக்கிறது? எல்லா முடிவுகளுக்குப் பின்னும் நடக்கிறது. 1968இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ராபர்ட் நாக்ஸ், ஜேம்ஸ் இங்க்ஸ்டர் என்ற இருவர் கனடாவின் வான்கூவரில் உள்ள குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனார்கள். இரண்டு டாலர் பந்தயம் கட்டும் சன்னல் அருகே நின்றுகொண்டு, பணம் கட்டப் போகிறவர்களிடமும் கட்டிவிட்டுத் திரும்புகிறவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பிருக்கிறது? ஏழு புள்ளி அளவுகோலில், கட்டப் போனவர்களின் இடைநிலை மதிப்பெண் 3.48. கட்டி முடித்தவர்களின் மதிப்பெண் 4.81. குதிரை அதே குதிரை. புதிதாக எந்தத் தகவலும் வரவில்லை. இரு தரப்புக்கும் நடுவில் நடந்தது சீட்டு கைமாறியது மட்டும்தான்.

வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கொடுப்பதற்கு முதல் நாள் வரை 'மழை பெய்தால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமாமே, விசாரிக்கணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கொடுத்த மறுநாள் 'எங்கதான் தண்ணி நிக்கல?' என்பார். யாரும் ஏமாற்றவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. முதல் நாள் அந்தத் தண்ணீர் ஒரு கேள்வி. அட்வான்ஸ் கொடுத்த பிறகு அது கொடுத்த கையின் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்கு யாரும் விசாரணையால் பதில் சொல்வதில்லை, வாதத்தால்தான் சொல்கிறார்கள்.

நெடுங்கால நம்பிக்கைகளைச் சுற்றி இந்த வாதங்கள் இன்னும் தடிமனாகப் படிகின்றன. பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று பார்த்துச் செய்த திருமணம் இரண்டே ஆண்டில் முறிகிறது. ஜோதிடத்தின் மேல் சந்தேகம் வர வேண்டிய இடம் இது. வருகிறதா? 'பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரியில தப்பாக் குறிச்சிருப்பாங்க' என்கிறார் ஒருவர். 'அந்த ஜோசியருக்கு அவ்வளவா விவரம் பத்தாது' என்கிறார் இன்னொருவர். ஜாதகம் சேராமல் செய்துகொண்டு நாற்பது ஆண்டுகளாக நன்றாக வாழும் தம்பதி அதே குடும்பத்தில் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் யாருடைய மனத்தையும் உறுத்துவதில்லை. ஒரு தோல்விக்கு ஆயத்தமாகக் காரணம் இருக்கிறது, எதிர்ச்சான்றோ கண்ணில் படுவதே இல்லை. இப்படியிருந்தால் எந்த நம்பிக்கையும் காலாகாலத்துக்கும் நிற்கும்.

நம்பாதவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ராகு காலம் மூடநம்பிக்கை என்று மேடையில் பேசுபவர், புது வீட்டில் பால் காய்ச்சும்போது காலண்டரைப் பார்த்து நல்ல நேரம் குறிக்கிறார். கேட்டால் 'அம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான்' என்பார். உண்மையாகவே அம்மாவுக்காகத்தானா, இல்லை அம்மா பெயரில் தன் பயத்துக்கு இடம் கொடுத்தாரா? அம்மா ஊரில் இல்லாத நாளில் என்ன செய்தார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதை அவர் மட்டுமே பார்க்க முடியும்.

படிப்பும் கூர்மையான புத்தியும் இதற்குக் காப்பாகுமா? அறிவியல் வரலாற்றில் இதற்கு விடை தேட மிகப் பொருத்தமான இடம் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய சண்டை. 1940களின் பிற்பகுதியில் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் ஏன் இவ்வளவு கூடுகிறது என்று ஆராய ரிச்சர்ட் டால் என்ற இளம் மருத்துவரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளரும் இறங்கினார்கள். டால் அப்போது சிகரெட் பிடிப்பவர். அவருடைய சந்தேகம் சாலைகளில் ஊற்றும் தார் மீதும் வண்டிப் புகை மீதும்தான் இருந்தது. லண்டன் மருத்துவமனைகளில் 709 நுரையீரல் புற்றுநோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் மற்ற நோயாளிகளையும் விசாரித்தார்கள். புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர்கள் வெறும் இரண்டு பேர். அதே எண்ணிக்கையிலான மற்ற ஆண் நோயாளிகளில் 27 பேர். கட்டுரை 1950 செப்டம்பரில் வெளியானது. ஆய்வு முழுதாக முடிவதற்கு முன்பே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர் சாதாரண ஆள் இல்லை. ரொனால்டு ஃபிஷர், இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் மிகப் பெரிய பெயர். தரவுகளை எப்படி நேர்மையாக அலசுவது, பரிசோதனையை எப்படிப் பாரபட்சமில்லாமல் அமைப்பது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். நம் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ் கேம்பிரிட்ஜில் அவரிடம்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஃபிஷர் பைப் புகைப்பவர். 1957 முதல் அவர் கடிதங்களாகவும் கட்டுரைகளாகவும் டால், ஹில் முடிவுகளைத் தாக்கினார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்றார். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு உண்டாக்கலாமே என்றார். அதற்கு ஆதாரமாக இரட்டையர்களின் புகைப்பழக்கத்தைக் காட்டினார். 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில், புகையை உள்ளிழுப்பதாகச் சொன்னவர்கள் புற்றுநோயாளிகளிடையே சற்றுக் குறைவாக இருந்தார்கள். அந்த ஒரு சிறு முரணை அவர் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

அவர் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை என்பதை மறக்கக் கூடாது. காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்துப் பார்ப்பது அறிவியலின் உயிர்நாடி. ஆனால் 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் அந்தக் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் சொன்னார்கள். புகைப்பவர்களுக்கு அபாயம் ஒன்பது மடங்கு என்றால், அதற்கு முழுக் காரணமாகச் சொல்லப்படும் மறைந்த மரபணுவும் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை ஃபிஷரால் காட்ட முடியவில்லை. கருத்தையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. புகையிலை நிறுவனங்களின் குழு ஒன்றுக்கு அவர் ஆலோசகராக இருந்ததைச் சுட்டி, காசுக்குப் பேசினார் என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்று நாம் பார்க்கவும் முடியாது. வெளியிலிருந்து தெரிவது இவ்வளவுதான்: ஒரு பக்கத்துச் சான்றை மிகக் கடுமையான அளவுகோலாலும், தன் பக்கத்துச் சான்றை மிகத் தளர்வான அளவுகோலாலும் அளந்தார், அதுவும் அளவுகோல்களைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர். புத்தி கூர்மையாக இருந்தால் வாதங்களும் கூர்மையாக வரும். அந்த வாதங்கள் எந்தத் திசையில் வர வேண்டும் என்பதைப் புத்தி தீர்மானிப்பதில்லை.

ஊர்ப்பொது மனமும் இதே பாதையில்தான் போனது. 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பை ஃபெஸ்டிங்கர் தன் நூலில் எடுத்துக்காட்டுகிறார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னவர்கள், புகைக்காதவர்களில் 29 சதவீதம், அதிகமாகப் புகைப்பவர்களில் 7 சதவீதம். எல்லோரும் படித்தது அதே செய்தித்தாள்களைத்தான்.

சரி, இதை நம்மிடம் நாமே எப்படி அடையாளம் காண்பது? அசௌகரியத்தை நேரடியாகப் பிடிக்கலாம் என்றால், அது வேறு வேடத்தில் வருகிறது. 1974இல் மார்க் ஜன்னா, ஜோயல் கூப்பர் இருவரும் பிரின்ஸ்டனில் செய்த பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களைத் தங்கள் கருத்துக்கு எதிராக, தாங்களே விரும்பி எழுதுவதுபோல, ஒரு கட்டுரை எழுத வைத்தார்கள். அதற்கு முன் ஒரு மாத்திரை. உண்மையில் அதில் மருந்து எதுவும் இல்லை. மாத்திரையால் படபடப்பு வரும் என்று சிலரிடமும், பக்கவிளைவு எதுவும் இல்லை என்று சிலரிடமும் சொன்னார்கள். பக்கவிளைவு இல்லை என்று கேட்டவர்கள் வழக்கம்போலத் தாங்கள் எழுதிய பக்கமாகக் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். படபடப்பு வரும் என்று கேட்டவர்களோ மாறவேயில்லை. உள்ளுக்குள் எழுந்த உறுத்தலை அவர்கள் மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். மாத்திரையே காரணமென்றால் கருத்தை ஏன் திருத்த வேண்டும்?

நம் நாளில் இப்படி எத்தனையோ மாத்திரைகள். வெயில், தூக்கமின்மை, ஆபீஸ் தொல்லை, 'அவன் பேசற விதமே சரியில்ல'. ஆகவே உறுத்தலைத் தேடிப் போவதைவிட, அதற்குப் பின்னால் வரும் பேச்சைக் கவனிப்பது எளிது. ஒரு வீட்டுக் கூடத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சை எடுத்துக்கொள்வோம். மகன் நன்றாகப் படித்தவன், அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வரதட்சணையை இருவருமே மனமார வெறுப்பவர்கள், 1961ஆம் ஆண்டு முதல் அது சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்தவர்கள். கல்யாணம் பேசி முடித்துவிட்டு வந்து சொல்கிறார்கள்: 'நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்கல. அவங்களுக்கு ஒரே பொண்ணு, அவங்க பொண்ணுக்கு அவங்க செய்யுறாங்க. நாம வேண்டாம்னா அவங்களுக்குத்தானே சங்கடம்?' எண்பது பவுன், ஒரு கார்.

அந்தப் பேச்சை மெதுவாகத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கும். கேட்கவில்லை என்பது உண்மை. ஒரே பெண் என்பது உண்மை. காரணங்கள் பொய்யா என்று சோதித்தால் எதுவும் அகப்படாது. வேறு இரண்டு இடங்களில் சோதிக்க வேண்டும். முதலாவது, யாரும் கேட்காமலே காரணம் சொல்லப்படுகிறதா என்பது. தாம்பூலம் மாற்றினார்கள், தேதி குறித்தார்கள் என்பதற்கெல்லாம் யாரும் விளக்கம் தருவதில்லை. விளக்கம் எங்கே தானாக முன்வருகிறதோ அங்கே ஏதோ உறுத்துகிறது. இரண்டாவது, காலவரிசை. இந்தக் காரணம் முடிவுக்கு முன்பே இருந்ததா, முடிவுக்குப் பின் வந்ததா? இதே வாதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது இதே அப்பா என்ன சொன்னார்? 'எங்களுக்குச் சாதியெல்லாம் கிடையாது, சொந்தக்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க' என்ற பேச்சையும் இதே இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். அந்த வாக்கியத்தால் எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை முடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால், இது வெறும் உளவியல் விவகாரம் இல்லை என்பது புரியும்.

இந்தக் கோட்பாட்டைப் பற்றி எழுதும்போது அதன் மேலும் இதே கேள்விகளைப் போட வேண்டும். அதன் ஆரம்பக் கதைகளில் மிகப் பிரபலமானது 1954இல் சிகாகோ அருகே நடந்தது. டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், வேற்றுக்கிரகவாசிகள் வந்து தங்களைக் காப்பாற்றுவார்கள் என்று டோரத்தி மார்ட்டின் என்ற பெண்ணும் அவரைச் சுற்றியிருந்த சிறு குழுவும் நம்பினார்கள். ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் அந்தக் குழுவுக்குள் ஆட்களை ரகசியமாக அனுப்பினார்கள். வெள்ளம் வரவில்லை. நம்பிக்கை உடைவதற்குப் பதில் இறுகியது, அதுவரை ஒதுங்கியிருந்தவர்கள் பிரச்சாரத்தில் இறங்கினார்கள் என்று 1956இல் நூல் எழுதினார்கள். பாடப்புத்தகங்கள் இன்றும் இதைச் சொல்கின்றன. 2025இல் வெளியான ஓர் ஆவண ஆய்வு இதற்கு எதிராக வாதிடுகிறது. அந்தக் குழு முன்பிருந்தே ஆள் சேர்க்க முயன்றது, உள்ளே போன ஆய்வாளர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காமல் நிகழ்வுகளைத் தூண்டவும் செய்தார்கள், பலரின் நம்பிக்கை சீக்கிரமே தளர்ந்தது என்கிறது அது. அழகாகப் பொருந்தும் ஒரு கதையை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உளவியல் துறை பெரும்பாலும் துருவிப் பார்க்காமல் சுமந்திருக்கிறது.

ஆய்வகப் பரிசோதனைகளும் கேள்விக்குள்ளாயின. டாரில் பெம் என்ற உளவியலாளர் 1967இலேயே வேறு விளக்கம் சொன்னார்: உறுத்தல் என்று ஒன்றும் வேண்டாம், நாம் நம் செயலைப் பார்த்தே நம் கருத்தை ஊகிக்கிறோம். மாத்திரைப் பரிசோதனை அதற்கு ஓரளவு பதில் சொன்னது. 2024இல் இன்னும் கடுமையான சோதனை வந்தது. 19 நாடுகளில் 39 ஆய்வகங்கள், ஏறத்தாழ 4,900 பேர். சொந்தக் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதியவர்கள் அந்தப் பக்கம் சற்று நகர்ந்தார்கள், இது உறுதியானது. ஆனால் 'விருப்பமிருந்தால் எழுதுங்கள்' என்று சொல்லப்பட்டவர்களுக்கும் 'எழுதியே ஆக வேண்டும்' என்று சொல்லப்பட்டவர்களுக்கும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. நாமாகச் செய்ததே நம்மை அதிகம் மாற்றும் என்ற பழைய கூற்றுக்கு இது ஓர் அடி. ஒரு டாலர் பரிசோதனையிலிருந்து மேலே நான் எடுத்த பாடத்தையும் அந்த அளவுக்குக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த 39 ஆய்வகங்களும் ஒரு காரியம் செய்திருந்தன. எதை அளக்கப் போகிறோம், என்ன முடிவு வந்தால் கோட்பாட்டுக்கு எதிர் என்று ஒத்துக்கொள்வோம் என்பதைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். முடிவு வந்த பிறகு காரணம் தேட இடம் வைக்கவில்லை.

முரண் எப்போதும் நம்மைப் பின்னுக்கே இழுக்கும் என்பதும் இல்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வு கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் நடந்தது. நீச்சல் குளத்திலிருந்து குளியலறைக்குப் போகும் மாணவிகளை நிறுத்தி, சிலரிடம் தாங்கள் தண்ணீரை எப்படி வீணாக்குகிறோம் என்று யோசிக்க வைக்கும் கேள்விகளைக் கேட்டார்கள். அதோடு, குறைந்த நேரம் குளியுங்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்ளும் சுவரொட்டியில் அவர்களையே கையெழுத்தும் போடச் சொன்னார்கள். குளியலறையில் இன்னொருவர் இவர்களுக்குத் தெரியாமல் நேரம் கணக்கிட்டார். எதுவும் கேட்கப்படாதவர்கள் சராசரியாக ஐந்து நிமிடம் குளித்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஊருக்குச் சொன்ன உபதேசமும் தன் பழக்கமும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றபோது, மாற்ற எளிதாக இருந்தது செயல். சமாதானம் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. குளியலறை பக்கத்திலேயே இருந்தது.

அந்த அவகாசத்தை ஒழிப்பதுதான் நடைமுறையில் நம்மால் முடிந்த காரியம் என்று நினைக்கிறேன். மனத்தின் நேர்மையை நம்பிப் பயனில்லை, காகிதத்தை நம்பலாம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், என்னென்ன தெரிய வந்தால் இதை வாங்க மாட்டேன் என்று தேதியோடு நான்கு வரி எழுதி வைக்கலாம். பெண் பார்க்கப் போவதற்கு முன், எதை வாங்க மாட்டோம் என்று குடும்பமாக உட்கார்ந்து எழுதலாம். பிறகு வரும் காரணங்களை அந்தக் காகிதத்தோடு வைத்துப் பார்க்கலாம். சார்லஸ் டார்வின் இதைப் பல ஆண்டுகள் ஒரு விதியாகவே வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ யோசனையோ கண்ணில் பட்டால் அந்தக் கணமே குறித்துக்கொள்வார், ஏனென்றால் சாதகமானவற்றைவிட அவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1859இல் வெளியான அவருடைய நூலின் ஆறாம் அத்தியாயம், தன் கோட்பாட்டில் உள்ள சிக்கல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இடைநிலை உயிரினங்கள் ஏன் எங்கும் காணக் கிடைக்கவில்லை, கண்ணைப் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக எப்படி உருவாகியிருக்க முடியும் என்ற கேள்விகளை எதிராளிகள் கேட்பதற்கு முன் அவரே அங்கே கேட்டு வைத்திருக்கிறார்.